வளிமண்டலவியல் ஆய்வாளராகும் பாதை: மலையகத்தில் அது எங்கே அடைபடுகிறது?

இலங்கை முழுக்க மழை அளக்கிற நேரம் காலை 8.30. மலையகத்தின் பழைய தோட்டங்கள் பலவற்றில் ஆபீஸ் பக்கமாக ஒரு மழைமானி நிற்கும். அந்த நேரத்துக்கு ஒருவர் வந்து புனலைத் தூக்குவார். உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிக் கண் மட்டத்துக்குப் பிடிப்பார். ஓரத்தில் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, நடுவில் பள்ளமாக இருக்கும் மட்டத்தைப் பார்த்து வாசிப்பார். அப்புறம் கொப்பியில் தேதி போட்டு மில்லிமீட்டரில் எழுதுவார். முன்பெல்லாம் அங்குலத்தில் எழுதினார்கள். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கிரீன்விச் நேரப்படி அப்போது அதிகாலை 3 மணி. உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அவதானம் எடுக்கிற வரிசையில் அதுவும் ஒன்று. தோட்டத்துக் கொப்பியில் ஏறுகிற அந்த இலக்கம் அந்த வரிசையோடு சேர்ந்துதான் நிற்கிறது.

அந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு "ஏன் இவ்வளவு? ஏன் இங்கே? ஏன் நேற்று இல்லை?" என்று கேட்பவர்தான் வளிமண்டலவியல் ஆய்வாளர். தொலைக்காட்சியில் நாளைய மழையைச் சொல்பவரும் இவரும் ஒருவரல்ல. நாளைக்கு என்ன நடக்கும் என்று இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியது முன்னறிவிப்பாளரின் வேலை. அந்த முடிவு எந்த விதிகளின் மேல் நிற்கிறது, எங்கே பிழைக்கிறது, அடுத்த முறை அதை எப்படிக் குறைக்கலாம் என்று வருடக்கணக்கில் தோண்டுவது ஆய்வாளரின் வேலை. மேகத்துக்குள் மின்னேற்றம் பிரிவதை ஒருவர் ஆராய்வார், புகைத்துகள் மழையை மாற்றுவதை இன்னொருவர். சிலர் காலநிலையைக் கணினியில் கணித்துக் காட்டும் மாதிரிகளை எழுதுவார்கள், சிலர் கருவி செய்வார்கள். எல்லாம் இந்தத் துறைக்குள்தான் அடங்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், அவர்கள் வாழ்கிற இடமே. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 12 பாகை குறைய வேண்டும்; நுவரெலியா 15, 16 பாகையில் நிற்கிறது. கொழும்பிலிருந்து ரயிலேறி நானுஓயாவில் இறங்கும் பிள்ளை, அந்தக் கணக்கை உடம்பாலேயே செய்து முடித்துவிடுகிறது.

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மேற்குச் சரிவில் வந்து முட்டி மேலேறும். ஏறுகிற காற்று விரிந்து குளிரும், நீராவி ஒடுங்கும், வட்டவளை, கினிகத்தேனை பக்கமெல்லாம் நாள் கணக்கில் ஊற்றித் தீர்க்கும். அந்தப் பகுதிக்கு வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டர் மழை புதிதல்ல. மழையை இறக்கிவிட்ட அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகி வறண்டுவிடும். கிழக்கே போகப் போக அதைத்தான் கச்சான் காற்று என்கிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வருகிற தனி வாசனை அந்த வறண்ட காற்றினால்தான். மேற்குச் சரிவில் இருக்கும் திம்புலப் பக்கத்துக்கு அந்தப் பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது வீசுவது வடகீழ்க் காற்று, மழை கிழக்குச் சரிவுக்குப் போய்விடும். ஒரே மலைத்தொடர், இரண்டு பக்கம், இரண்டு காலண்டர்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் கொழுந்து கருகுவதும் இதே பாடம்தான். மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம், அது சரிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பள்ளத்து மலை கருகிக் கிடக்கும்போது மேலே இருக்கும் மலை பச்சையாகவே இருக்கும். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற விதி அந்த ஒரு இரவுக்குத் தலைகீழாகிவிடுகிறது. கொழுந்தெடுக்கிற அம்மாமாருக்கு எந்த மலை முதலில் கருகும் என்று தெரியும். ஏன் என்று விளக்கப் பௌதிகவியல் படித்த ஒருவர் வேண்டும். அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, அப்படிப்பட்டவர் எப்படி உருவாகிறார்? இந்தத் துறையில் பெரிய பெயர் எடுத்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் நேர்வழியில் வந்தவர்கள் குறைவு. அன்னா மணி 1918இல் திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்தார். ஏலத்தோட்டங்கள் நிறைந்த மலைநாடு அது. சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுகூடத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி வெளிவிடுகின்றன என்று ஆராய்ந்தார். ஆய்வேட்டையும் முடித்துக் கொடுத்தார். முதுமாணிப் பட்டம் இல்லை என்று காரணம் சொல்லிப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்துவிட்டது. 1945இல் இங்கிலாந்துக்குப் போக உதவிப்பணம் கிடைத்தது, ஆனால் வானிலைக் கருவிகள் பற்றிப் படிப்பதற்கு மட்டும்தான். போனார். திரும்பி வந்து 1948இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். சூரியக் கதிர்வீச்சையும் ஓசோனையும் அளக்க வழி செய்தார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். கலாநிதிப் பட்டம் கடைசிவரை இல்லை.

வீரபத்ரன் ராமநாதனின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தவர், 11 வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. ஆசிரியர் சொல்வது புரியாததால் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், எல்லாவற்றையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். அதன்பின் குளிர்சாதனத் தொழிற்சாலையில் வேலை. குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதும் அந்த வேலையில் அடங்கும். பிறகு அமெரிக்கா போய் 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே, குளிர்பெட்டிகளிலிருந்து கசிகிற அதே வகை வாயுக்கள் பூமியின் வெப்பத்தையும் பிடித்து வைக்கின்றன என்று காட்டினார். கரியமிலவாயு மட்டும்தான் சிக்கல் என்ற எண்ணம் அத்தோடு மாறியது.

போல் குருட்சன் ஆம்ஸ்டர்டாமில் பாலம் கட்டும் அலுவலகத்தில் வேலை செய்தவர். ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழக வானிலைத் துறைக்குக் கணினி நிரலாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தார். நிரல் எழுதிப் பழக்கமே இல்லாமல் விண்ணப்பித்து 1959இல் சேர்ந்தார். வேலையோடு வேலையாக அங்கே நடந்த விரிவுரைகளைக் கேட்டே பட்டம் எடுத்தார். ஓசோன் ஆய்வுக்காக 1995இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூவரும் சுற்றி வந்தவர்கள்தான். பிந்தி வரலாம், வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம், பட்டம் தடுக்கப்பட்டும் வரலாம், ஆங்கிலம் தெரியாமல் தொடங்கியும் வரலாம். ஒன்று மட்டும் மூவரிடமும் இருந்தது: இந்தத் துறைக்கு வருமுன்பே கணிதமும் பௌதிகவியலும் கைக்கு வந்திருந்தன. இந்தத் துறையில் மற்ற எல்லாக் குறையையும் 25 வயதுக்குப் பின்னும் சரிசெய்யலாம். கணிதக் குறையைச் சரிசெய்வது மிகக் கஷ்டம். காற்று நகர்வதையும் வெப்பம் பரவுவதையும் விவரிக்கிற சமன்பாடுகள்தான் இந்த விஞ்ஞானத்தின் உடம்பு. வகையீடு, தொகையீடு தெரியாமல் அவற்றின் பக்கத்திலேயே போக முடியாது.

மலையகத்தில் பாதை அடைபடுவதும் சரியாக அங்கேதான், 16 வயதில்.

இலங்கையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகளை 1ஏபி என்று வகைப்படுத்துகிறார்கள். 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான். அதற்குக் கீழே வகை 2, வகை 3; இவற்றில் உயர்தரமே இல்லை. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆக, ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையை நன்றாகச் செய்த பிள்ளைக்கு, உயர்தரக் கணிதப் பிரிவின் பாடமான இணைந்த கணிதம் படிக்க வேண்டுமென்றால் ஹட்டனுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோதான் போக வேண்டும். போக்குவரத்து, தங்குமிடம், டியூசன் காசு எல்லாம் தோட்டச் சம்பளத்திலிருந்து வர வேண்டும். மழைநாளில் பறித்த கொழுந்தின் கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தால் அந்த மாதக் கணக்கு அப்படியே சரியும். பாடசாலையில் இணைந்த கணிதம் படிப்பிக்கும் சேர் மாற்றலாகிப் போனால், வருடத்தின் நடுவில் வகுப்பு நின்றுபோகும். அப்போது பிள்ளை கலைப் பிரிவுக்கு மாறும். கலைப் பிரிவு குறைந்ததல்ல. ஆனால் அந்த மாற்றம் பிள்ளையின் விருப்பத்தால் நடப்பதல்ல, வேறு வழியில்லாமல் நடப்பது. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளிப்படி 40 சதவீத இடம் தீவு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று ஒதுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் இருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, ஆனால் அந்தக் கதவுக்கு வருவதற்கே கணிதப் பிரிவில் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். வீட்டில் கேட்கிற கேள்வியும் சேர்ந்து தடுக்கும். "இஞ்சினியர்னா சரி, டீச்சர்னா சரி, இது என்ன வேலை?" என்று அப்பா கேட்டால் பதில் சொல்ல, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாரும் இல்லை, அப்படி ஒருவரை யாரும் பார்த்ததில்லை.

கெம்பஸுக்குப் போன பிறகு பாதை ஓரளவு தெளிவு. இலங்கையில் வளிமண்டலவியலுக்கு வழக்கமான நுழைவாயில் பௌதிகவியல் பட்டம், அதோடு கணிதம். பேராதனையில் விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் பட்டப்பின் படிப்பு நிறுவனங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பயிரும் காலநிலையும் சேர்கிற ஆய்வுக்கு அது நல்ல இடம். கொழும்புப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை மின்னல் ஆய்வுக்குப் பெயர் பெற்றது. பாட அலகுகளைத் தெரிவு செய்யும்போது வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், கதிர்வீச்சு, புள்ளிவிவரவியல் ஆகிய நான்கையும் விடக் கூடாது. கணினியில் பைதன் மொழியும் லினக்ஸும் தானாகவே பழகிக்கொள்ள வேண்டியவை. விஞ்ஞான பீட வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். முதல் வருடம் அடிபடும், இரண்டாம் வருடம் பழகும். செலவுக்கு மகாபொல புலமைப்பரிசில் கொஞ்சம் கைகொடுக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வு செய்யப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்ற நிலை இந்தத் துறையில் பெருமளவு மாறிவிட்டது. 1940இலிருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உலகம் முழுவதற்குமான காற்று, வெப்பநிலை, ஈரப்பதன், மழை ஆகியவற்றை மீட்டுக் கணித்த ஐரோப்பியத் தரவுத்தொகுதி ஈஆர்ஏ5. அது இலவசம். செய்மதிகளிலிருந்து அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மழையைக் கணிக்கும் நாசாவின் தரவும் இலவசம். டபிள்யூஆர்எஃப் என்ற பிராந்திய வானிலை மாதிரியை யாரும் இறக்கி ஓட்டலாம். ஒரு மடிகணினி, இணையம், ஒரு நல்ல கேள்வி இருந்தால் இறுதி வருட ஆய்வை உருப்படியாகச் செய்யலாம்.

பட்டத்துக்குப் பின் இரண்டு வழி. ஒன்று, வளிமண்டலவியல் திணைக்களம். விஞ்ஞானப் பட்டதாரியாகச் சேர்ந்து, வானிலையியலை வேலையோடு கற்றுக்கொள்வது. மற்றது கலாநிதிப் பட்டம். பலருக்கு அது வெளிநாட்டில்தான். வெளிநாடு என்றதும் பெற்றோர் கடன் வாங்குவதைப் பற்றி நினைக்கிறார்கள். அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் படிப்புக்கு அநேகமாகப் பல்கலைக்கழகமே கட்டணத்தைப் பொறுப்பேற்று, ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ மாதப் படியும் கொடுக்கும். முடிக்க 5, 6 வருடம் ஆகும். ஜப்பான் அரசுப் புலமைப்பரிசில், பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்திய அரசின் உதவித்தொகை ஆகியவையும் இருக்கின்றன. கேரளத்தில் கொச்சி, ஆந்திரத்தில் விசாகப்பட்டினம், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனம் மூன்றிலும் இதற்கென்றே துறைகள் உண்டு. அதற்குப் பின் இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில் ஊர் ஊராகப் போகும் பட்டப்பின் ஆய்வுக் காலம். நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது 35ஐத் தொட்டிருக்கலாம். தங்கச்சிக்குக் கல்யாணம், வீட்டுக்குக் கூரை என்று பொறுப்புள்ள மூத்த பிள்ளைக்கு இது லேசான முடிவல்ல. அதை மறைத்துவிட்டு ஆசை காட்டுவது சரியில்லை. வேலைவாய்ப்பு பல்கலைக்கழகத்தோடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்று மின்சாரத் துறைக்குத் தெரிய வேண்டும். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் முன்னறிவிப்பு வேண்டும். காப்புறுதிக்கும் விவசாயத்துக்கும் தேவை இருக்கிறது. தலவாக்கலை செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மழையும் வெயிலும் அன்றாடக் கேள்வி.

இவ்வளவு சிரமப்பட்டு எங்கள் பிள்ளை ஏன் போக வேண்டும், வேறு யாராவது ஆராய்ந்து சொன்னால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு விடை மண்சரிவில் இருக்கிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவை வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்துக்குள் 75 பெய்தாலோ வெளியேற்றம். 75 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீற்றரில் 75 லீற்றர். ஒரு ஏக்கர் மலைக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 3 இலட்சம் லீற்றர், அதாவது 300 தொன் தண்ணீர். தண்ணீர் வடியும் கான் அடைபட்டிருந்தால் அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும் என்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவருக்கே தெரியும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி லயங்கள் மண்ணுக்குள் போனது காலை 8 மணிக்கு முன்னர். நாளுக்கு ஒருமுறை 8.30க்கு வாசிக்கும் மழைமானி எதுவானாலும், அந்த இரவின் மழையைச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது, ஆட்கள் இடம் மாற்றப்படவில்லை. எனவே பழி மழைமானி மேல் மட்டும் இல்லை, வீடும் காணியும் இல்லாத நிலைமையில்தான் பெரும்பங்கு. ஆனாலும் மணிக்கணக்கு மழை தெரிந்திருப்பது உயிருக்கும் சாவுக்கும் இடையிலான நேரத்தைத் தரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். சூறாவளி கரையேறும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. எந்தப் பள்ளத்தாக்கில், எந்த இரவில், எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் கஷ்டமான கேள்வி.

அது ஏன் கஷ்டம்? உலக வானிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கின்றன. நல்ல மாதிரி ஒன்றில் ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். அந்த 9 கிலோமீற்றருக்குள் எங்கள் ஊரில் ஒரு மலை, இரண்டு பள்ளத்தாக்கு, மூன்று தோட்டம், ஒரு நீர்வீழ்ச்சி எல்லாம் அடங்கிவிடும். மாதிரிக்கு அது எல்லாம் ஒரே உயரம், ஒரே மழை. உச்சிகள் தட்டையாகிவிடும், சரிவுகள் மொழுக்கையாகிவிடும். காற்று முட்டி ஏறுகிற இடமே மங்கிப்போனால் மழை எங்கே ஊற்றும் என்பதும் மங்கும். ராடாரின் கதிரையும் மலை மறிக்கும். ஆகவே ஒரு கிலோமீற்றர் அளவுக்கு நுணுக்கமான மாதிரி வேண்டும். அது சொல்வது சரியா என்று பார்க்க, தரையில் எடுத்த அளவுகள் வேண்டும். டன்சினன் பக்கம் மழை கொட்டும்போது கொட்டகலையில் வெயிலடிப்பது யாருக்குத் தெரியுமோ, எந்தக் கானில் எந்த மாதம் தண்ணீர் மேலேறும் என்று யார் கேட்டு வளர்ந்தாரோ, அவர் அந்த மாதிரியின் படத்தைப் பார்த்ததும் "இது இங்கே பிழை" என்று சொல்வார். எச்சரிக்கை தமிழில் உரிய நேரத்தில் லயத்துக்கு வர வேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமல்ல.

இதற்கான வேலை இப்போதே தொடங்கலாம், அதுவும் அந்தத் தோட்டத்துக் கொப்பிகளிலிருந்து. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் கம்பனிகளின் கைக்கு மாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய புத்தகங்கள் ஸ்டோர் ரூமுக்குப் போகும், கறையானுக்குப் போகும், பழைய பேப்பர்காரனிடம் போகும். எஞ்சியிருப்பவற்றில் வெள்ளைக்காரத் துரை காலத்துப் பக்கங்களும் இருக்கலாம். காகிதத்தில் கிடக்கும் பழைய அவதானங்களைக் கணினிக்கு ஏற்றுவதைத் தரவு மீட்பு என்று உலக வானிலை அமைப்பே ஊக்குவிக்கிறது. செலவு அதிகமில்லை. துரையிடமோ பெரிய கிளாக்கரிடமோ கேட்டு அனுமதி வாங்கி, கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், மை மங்கிய பக்கத்தில் அப்போதுதான் இலக்கம் தெரியும். அங்குலத்தில் இருப்பதை 25.4ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்க வேண்டும். வாசிக்காமல் விட்ட நாளையும் மழையே இல்லாத நாளையும் பிரித்து எழுத வேண்டும். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பூச்சியம் என்று போட்டுவிட்டால் பிறகு செய்யும் கணக்கு அத்தனையும் பிசகும். ஞாயிற்றுக்கிழமை வாசிக்காமல் திங்கட்கிழமை இரண்டு நாள் மழையைச் சேர்த்து எழுதும் பழக்கம் இருந்திருக்கலாம். எல்லாத் திங்கட்கிழமைகளின் சராசரியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரு தோட்டத்துக் கொப்பிகளை எடுத்து இதைச் செய்யத் தொடங்கலாம். மாதக் கூட்டுத்தொகையை ஈஆர்ஏ5 தரும் மாதக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாதிரி அந்த மலையில் எவ்வளவு மழையைக் குறைத்துச் சொல்கிறது அல்லது கூட்டிச் சொல்கிறது என்பது தெரியவரும். பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு அக்காவோ அண்ணாவோ அதைப் பார்த்தால், இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியிருக்காது.